தண்ணீர் எப்போது வந்தது?

கேள்வி: ஆதியாகமத்தில் ஒளி பிறப்பதற்கு முன்பே, இரண்டாம் வசனத்திலேயே தண்ணீர் இருக்கிறது. அதை யார், எப்போது படைத்தது?

பதில்: 11-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த யூத உரையாசிரியர் ராஷியும் இதைக் கேட்டார். தண்ணீர் படைக்கப்பட்டதை நூல் சொல்லவே இல்லை. ஆகவே எது முதலில், எது பிறகு என்று கற்பிப்பது அதன் நோக்கமல்ல என்றார். அவர் வாசிப்பில் முதல் வசனம் தனிச்செய்தி அல்ல. கடவுள் படைக்கத் தொடங்கியபோது உலகம் உருவற்றுக் கிடந்தது, அந்நிலையில் ஒளியை அழைத்தார் என்று மூன்று வசனங்களும் ஒரே மூச்சில் ஓடுகின்றன. 13-ஆம் நூற்றாண்டின் யூத உரையாசிரியர் ராம்பான் இதை ஏற்கவில்லை. ஒன்றுமில்லாமையிலிருந்து மூலப்பொருள் தோன்றியதையே முதல் வசனம் சொல்கிறது என்பார் அவர்.

எனக்கு ராஷியே மூலத்துக்கு நெருக்கமாகத் தெரிகிறார். பாபிலோனியரின் ‘எனுமா எலிஷ்’ காவியமும் ஆதிநீரில்தான் தொடங்குகிறது. ஆனால் அங்கே மர்தூக் என்ற தெய்வம், கடல்தேவி தியாமத்தைக் கொன்று, அவள் உடலைப் பிளந்து ஒரு பாதியால் வானம் அமைக்கிறான். எபிரேய நூலில் போரே இல்லை; ஆழ்கடல் எதிர்ப்பதும் இல்லை. கட்டளை பிறந்ததும் நீர் விலகி நிற்கிறது. எவ்வளவு பெரிய துணிச்சல் இது! தண்ணீரின் பிறப்பைவிட, அதற்கு இறைவனை எதிர்க்கும் வலிமை இல்லை என்பதே அந்த ஆசிரியருக்கு முக்கியமாக இருந்திருக்கிறது. ஒன்றுமில்லாமையிலிருந்து படைப்பு என்ற கருத்தோ பிற்காலத்து மக்கபேயர் இரண்டாம் நூலில்தான் வெளிப்படையாக வருகிறது.