கணிப்பொறி கண் விழிப்பது எப்படி?

சுவிட்சைப் போட்டதும் கணிப்பொறியின் தற்காலிக நினைவகம் வெறுமையாக இருக்கும். வட்டிலிருந்து நிரலைப் படிக்க வேண்டும். படிப்பதற்கே ஒரு நிரல் வேண்டுமே! இந்தச் சிக்கல் எப்படித் தீர்கிறது?

1981-இல் வெளிவந்த ஐ.பி.எம். பி.சி.யை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள ஒரு சில்லில் சிறு நிரல் ஒன்று பொறிக்கப்பட்டிருந்தது. மின்சாரம் நின்றாலும் அது அழியாது. அந்நிரல் முதலில் கருவிகளைச் சோதிக்கும். பின்பு நெகிழ்வட்டின் முதற்கூறான 512 பைட்டுகளை மட்டும் நினைவகத்தில் ஏற்றி, பொறுப்பை அதனிடம் ஒப்படைக்கும். அது இயக்க அமைப்பின் மற்றப் பகுதிகளை அழைத்து வரும். அடுப்பில் முதலில் சுள்ளி பற்றி, பிறகு விறகு பற்றுவதைப் போல!

ஆனால், ஏற்றியது நல்ல நிரலா, தீய நிரலா என்று அந்தச் சில்லு பார்ப்பதில்லை. 1986-இல் லாகூரில் உருவான 'பிரெயின்' என்னும் நச்சுநிரல் இந்த முதற்கூற்றில்தான் குடிபுகுந்தது. அத்தகைய வட்டு உள்ளே இருக்கக் கணிப்பொறியை இயக்கினால், நச்சும் விழித்துக்கொள்ளும். எனவேதான் இன்றைய பல கணிப்பொறிகள், நிரலின் மின்னணுக் கையொப்பத்தைச் சரிபார்த்த பின்பே அதை இயங்க விடுகின்றன.

சிந்தியுங்கள்: வன்வட்டிலுள்ள இயக்க அமைப்பு பழுதானாலும், துவக்க வட்டைக் கொண்டு அதிலுள்ள கோப்புகளைப் பெரும்பாலும் மீட்க முடிகிறதே, ஏன்?