வேலிக்கும் மண் பார்க்க வேண்டும்

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் ஒரே வேலி ஒப்பந்தக்காரர் வரலாம், மண் ஒன்றல்ல. அடிக்கணக்கில் விலை பேசுமுன் நிலத்தை அவருக்குக் காட்டுதல் நலம்.

கடலூருக்கு மேற்கே பண்ருட்டிச் செம்மண் மேட்டில் 2 அடிக் குழியிலேயே தூண் உறுதியாக நிற்கும். சிதம்பரம் களிமண் மழையில் உப்பி, கோடையில் வெடிப்பதால் தூண் சாயும். அங்கு குழியை ஆழமாக்கி, கான்கிரீட் இட்டு, மூலைத் தூண்களுக்கு முட்டுக்கால் கொடுக்க வேண்டும்.

பரங்கிப்பேட்டை, கிள்ளை போன்ற கடலோரங்களில் உப்புக்காற்று கம்பியையும், சிமெண்டுத் தூணுக்குள் இருக்கும் இரும்பையும் அரிக்கும். கருங்கல் தூணும், கனமாகத் துத்தநாகம் பூசிய கம்பியும் ஏற்றவை.

சதுரமான 1 ஏக்கருக்குச் சுற்றளவு சுமார் 835 அடி. 8 அடிக்கு ஒன்று வீதம் சுமார் 105 தூண்கள் தேவை. இடைவெளி, குழி ஆழம், கம்பி வரிசை ஆகியவற்றை எழுதி வாங்கிய பின்பே முன்பணம் தருக.

பணம் போதாதவர்கள் பருவமழையை ஒட்டிக் கிளுவைப் போத்துகளை நெருக்கமாக நட்டு உயிர்வேலி அமைக்கலாம்.