கிணற்று நீரின் உவர்ப்பை உணர்த்தும் எச்சரிக்கை மணி

அறுகம்பே, பொத்துவில் போன்ற கரையோர மணற்பாங்கான இடங்களிற் கிணற்று நீரைக் கொண்டு பயிர்செய்யும் கமக்காரர், கிணற்றில் நீர் உண்டா என்று பார்ப்பதுடன் அமைதல் ஆகாது. அந்நீர் எத்தகையது என்பதையும் நாடோறும் அறிதல் வேண்டும். இலைநுனி கருகிய பின்னர் உவர்ப்பை அறிவதாற் பயனில்லை.

உவர்நீர் மேலெழுவது ஏன்?

மணலின் கீழே நன்னீர், தன்னிலும் பாரமான உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 அடி நின்றால், அதன் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும். ஆகவே, மிகையாக இறைத்து நீர்மட்டத்தை 1 அடி தாழ்த்துவோமாயின், அடியிலுள்ள உவர்நீர் காலப்போக்கில் 40 அடி வரை உயர இடமுண்டு. மழையற்ற சிறுபோக காலமே உல்லாசப் பயணிகள் மிகும் காலமுமாதலின், அப்போது அறுகம்பேக் கிணறுகளில் இறைப்பு மிகும். 2004 டிசம்பர் 26இல் கடல் புகுந்த கிணறுகளை மீண்டும் மீண்டும் முற்றாக இறைத்தல் ஆகாதென ஆராய்ந்தோர் எச்சரித்ததும் இக்காரணம் பற்றியேயாம்.

கருவியை இணைக்கும் முறை

நீர்மட்டத்தைக் காட்டும் கண்காணிப்புக் கருவிகள் பலவற்றில், வேறு உணரிகளை இணைப்பதற்கெனத் துணை உள்ளீடுகள் உண்டு. அவற்றுள் ஒன்றில் உவர்ப்பு உணரியையும், மற்றொன்றில் மிதவை ஆளியையும் இணைக்கலாம்.

1. உவர்ப்பு உணரியைப் பம்பியின் உறிஞ்சுவாய்க்குச் சற்றுக் கீழே நிறுத்துக. உவர்நீர் அடியிலிருந்து வருவதால், அது பயிரை அடையுமுன் உணரியை அடையும்.

2. உவர்ப்பு, மீற்றருக்கு டெசிசீமன்ஸ் என்னும் அலகினாற் கூறப்படும். உணரி அதனை 4 முதல் 20 மில்லி அம்பியர் வரையான மின்னோட்டமாக அனுப்பும். 4 என்பது 0 அலகு, 20 என்பது 5 அலகு எனக் கருவியிற் பதிந்தால், 1 அலகுக்கு 7.2 மில்லி அம்பியரும், 1.5 அலகுக்கு 8.8 மில்லி அம்பியரும் வரும்.

3. மின்னோட்டம் 4இலும் நன்கு குறைந்தால், கம்பி அறுந்தது அல்லது உணரி பழுதுற்றது என்பது பொருள். அப்போதும் மணி ஒலிக்குமாறு அமைத்தல் இன்றியமையாதது.

4. மிதவை ஆளியை, நீர் போதியளவு உள்ளபோது மின்சுற்று மூடியிருக்குமாறு இணைக்க. நீர் தாழ்ந்தாலும் கம்பி அறுந்தாலும் சுற்றுத் திறந்து மணி ஒலிக்கும்.

5. பம்பியின் மின்னிணைப்பைத் தேர்ந்த மின்தொழிலாளரைக் கொண்டே செய்விக்க.

மணி ஒலிக்க வேண்டிய எல்லை

எல்லாப் பயிருக்கும் ஒரே எல்லை பொருந்தாது. பாய்ச்சும் நீரின் உவர்ப்பு வெங்காயத்துக்கு 0.8, மிளகாய்க்கு 1.0, தக்காளிக்கு 1.7, நிலக்கடலைக்கு 2.1 அலகைத் தாண்டின் விளைச்சல் குறையத் தொடங்கும். மிளகாய்க்கு 1.5 அலகில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு நட்டமாகும். எனவே மிளகாய்த் தோட்டத்தில் 1.0இல் முதலாம் மணியும், 1.5இல் பம்பியை நிறுத்தும் இரண்டாம் மணியும் அமைக்கலாம்.

உவர்ப்பு எல்லையருகே ஏறியிறங்கும்போது மணி ஓயாது ஒலித்தால், கேட்போர் அதனை நிறுத்திவிடுவர். ஆதலின் 1.0இல் ஒலித்த மணி 0.9க்கு இறங்கிய பின்னரே ஓயுமாறும், சில நிமிடங்கள் உவர்ப்பு நிலைத்த பின்னரே ஒலிக்குமாறும் பதிக.

மாதந்தோறும் சோதிக்க

மணி ஒலிக்காதிருப்பது நீர் நன்று என்பதற்குச் சான்றாகாது, மணியே பழுதுற்றிருக்கலாம். உணரியிற் படிந்த பாசியைத் துடைத்து, 1 லீற்றர் நன்னீரில் 1 கிராம் கறியுப்பைக் கரைத்து அதனுள் அமிழ்த்துக. ஏறத்தாழ 2 அலகு காட்டி, மணி இரண்டும் ஒலித்தல் வேண்டும். பின்னர்க் கம்பியொன்றைக் கழற்றிப் பழுது மணியையும் சோதிக்க. பாகை ஒன்றுக்கு ஏறத்தாழ 2 வீதம் அளவு மாறுமாதலின், வெப்பத் திருத்தம் 25 பாகைக்கு இடப்பட்டுள்ளதா என்றும் பார்க்க.

மணி ஒலித்தால் செய்ய வேண்டியவை

இறைப்பை நிறுத்திக் கிணற்றை ஆறவிடுக. பின்னர்க் காலையும் மாலையும் சிறிது சிறிதாக இறைக்க. பாத்திகளுக்கு வைக்கோல் மூடாக்கு இட்டு நீர்த்தேவையைக் குறைக்க. கிணற்றை ஆழமாக்குதல் உவர்நீரை நாமே தேடிச் செல்வதாகும், அதனைத் தவிர்க்க.

தினமும் காட்டும் அளவை ஒரு கொப்பியிற் குறித்து வருக. அக்குறிப்புடன் உங்கள் விவசாயப் போதனாசிரியரைக் கண்டு, அடுத்த போகத்துக்கான பயிரைத் தெரிவு செய்க.