வாடல் நோய்க் கிருமி தருணம் பார்த்திருக்கும் வகை

காலையில் செழித்து நின்ற கத்தரிச் செடி நண்பகல் வெயிலில் நுனி தொங்கி நிற்கின்றது. மாலையில் மீண்டும் நிமிர்கின்றது. தண்ணீர் போதவில்லை என்றெண்ணி மறுநாள் மேலதிகமாக ஓர் இறைப்பு இறைக்கின்றீர்கள். சில நாட்களில், இலை மஞ்சளாகாது பச்சையாகவே இருக்க, செடி முழுவதும் துவண்டு விடுகின்றது. பின்னர் அதே பாத்தியில் அடுத்த செடி. அதன்பின் தண்ணீர் ஓடும் திசையில் அடுத்த பாத்தி. தக்காளி, உருளைக்கிழங்கு, மிளகாய் ஆகியவற்றிலும் இவ்வாறே நிகழும். இது பற்றீரியா வாடல் நோய்.

“நேற்றுவரை நன்றாக நின்றது” என்று கமக்காரர் கூறுவதுண்டு. கண்ணுக்குத் தெரிந்தமட்டில் அது மெய்யே. ஆயினும் நோய் நேற்றுத் தொடங்கியதன்று.

இந்நோயை உண்டாக்கும் கிருமியை 1896ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த எர்வின் சிமித் என்னும் அறிஞர் விவரித்தார். இக்காலத்தில் அதனை ரால்ஸ்டோனியா என்று வழங்குவர். மண்ணிலும் நீரிலும் பசித்துக் கிடக்கும் இக்கிருமி, வேரிலுள்ள சிறு காயத்தின் வழியாக உட்புகும். களை கொத்தும்போது மண்வெட்டி பட்ட வேரும், வட்டப்புழு துளைத்த வேரும் அதற்குத் திறந்த வாயில்களாகும். உட்புகுந்தபின் தண்டில் நீரேறும் காழ்க்குழாய்களை அடைந்து அங்கே பெருகுகின்றது.

இவ்விடத்தில் கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. சிலவாக இருக்கும்போது இக்கிருமிகள் செடிக்குப் பெருந்தீங்கு செய்வதில்லை. நீந்துதல், உணவு தேடுதல், பெருகுதல் ஆகியவற்றிலேயே தம் வலிமையைச் செலவிடுகின்றன. அவ்வேளையில் ஒவ்வொரு கிருமியும் கொழுப்பமிலத்திலிருந்து ஆக்கப்பட்ட பொருளொன்றைச் சிறிது சிறிதாக வெளிவிடுகின்றது. அப்பொருள் இன்னதென்பதை ஜோர்ஜியாப் பல்கலைக்கழக ஆய்வாளர் 1997இல் கண்டறிந்தனர். பரந்த மண்ணில் அது கரைந்து போய்விடும். ஒடுங்கிய காழ்க்குழாயிலோ தேங்கும். ஒரு மில்லிலீற்றர் நீரில் கிருமிகள் ஏறத்தாழ 1 கோடியாகும்போது, தேங்கிய அப்பொருளின் செறிவே ‘நாம் பலராகிவிட்டோம்’ என்னும் குறிப்பாகின்றது. உடனே கிருமியின் தலைமைப் பரம்பரையலகு ஒன்று விழித்தெழும். அதன் ஆணையால் கிருமிகள் யாவும் ஒருங்கே பிசின் போன்ற பொருளைச் சுரந்து குழாயை அடைக்கின்றன. வேரில் நீர் நிற்பினும் இலைக்கு ஏறாது. ஆகவே மேலதிக இறைப்பினால் அச்செடிக்குப் பயனில்லை.

பிசின் சுரத்தல் கிருமிக்கும் செலவுமிக்க தொழிலாகும். சுரக்காத கிருமி விரைவாகப் பெருகும். ஆய்கூடத்தில் பலகாலம் வளர்க்கப்படும் கிருமிகளுள் பிசினற்றவை தோன்றி, நோயாக்கும் வன்மையை இழந்து விடுகின்றன. இவ்விரு வகையையும் நிறத்தால் வேறுபடுத்தும் வளர்ப்பூடகமொன்றை ஆதர் கெல்மன் 1954இல் வெளியிட்டார். நமக்கு அத்தகைய ஊடகம் வேண்டியதில்லை. வாடிய செடியின் தண்டை அடிப்பகுதியிற் குறுக்காக வெட்டி, தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் வெட்டுவாய் நீரிற் படுமாறு அசையாது பிடியுங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால்நிற இழை கீழ்நோக்கி இறங்குமாயின் அது இந்நோயே. அவ்விழை பிசினும் கிருமியும் கலந்த பெருக்காகும். இலை கீழிருந்து மஞ்சளாகி, மெல்ல வாடி, இழை இறங்காவிடின் பெரும்பாலும் பங்கசு வாடலாக இருக்கலாம்.

இக்கிருமி 50இற்கு மேற்பட்ட தாவரக் குடும்பங்களில் 200இற்கு மேற்பட்ட இனங்களைத் தாக்கவல்லது. எனினும் எல்லாக் குலவகையும் எல்லாப் பயிரையும் தாக்குவதில்லை. பிரெஞ்சு கயானாவில் தக்காளியிற் பெறப்பட்ட ஒரு வகை புகையிலையை வாட்டுவதில்லை. அது செடிக்குள் செலுத்தும் புரதங்களுள் இரண்டைப் புகையிலை அடையாளங் கண்டு தடுத்துவிடுவதே காரணம். அவ்விரண்டையும் ஆய்வாளர் நீக்கியபோது அதே கிருமி புகையிலையையும் வாட்டிற்று. இது 2009இல் வெளியாயிற்று. புகையிலைத் தறைக்கு நோய் வராதென்று எவரும் உறுதி கூறவியலாது.

நோய்க்குறி காட்டாத பயிரையும் நம்பிவிடலாகாது. பிரான்சு நாட்டு ஆய்வாளர் இக்கிருமியை ஏறத்தாழ 300 தலைமுறைகள் வரை வெவ்வேறு பயிர்களின் தண்டில் தொடர்ந்து வளர்த்து, 2014இல் முடிவை வெளியிட்டனர். வாடாத போஞ்சியிலும் கிருமி முன்னையினும் நன்கு பெருகப் பழகியிருந்தது.

வாடிய செடியைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. கடையில் விற்கும் பங்கசுக்கொல்லிக்குப் பணம் செலவிடுவது வீண். நாம் செய்யக்கூடியது, கிருமி அந்தக் கோடிக் கணக்கை எட்டாதவாறு தடுப்பதேயாகும். வாடிய செடியை வேரோடும் வேரைச் சூழ்ந்த மண்ணோடும் அகற்றி எரித்து விடுங்கள். அதனை வாய்க்காலோரத்திலோ எருக்குழியிலோ போடலாகாது. அப்பாத்திக்குத் தண்ணீர் விடாது வாயை அடையுங்கள். தண்ணீர் மாறும்போது நோயற்ற பாத்திகளுக்கு முதலிலும் நோய் கண்ட பக்கத்திற்கு இறுதியிலும் மாறுங்கள். மண்வெட்டியையும் கால்களையும் கழுவாது அயல் தறைக்குச் செல்லவேண்டாம்.

நோய் கண்ட தறையில் அடுத்த போகத்திற்குக் கத்தரி, தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு, புகையிலை வைக்காது வெங்காயமோ சோளமோ இடுவது நன்று. வரம்பில் முளைக்கும் மணத்தக்காளியைப் பலர் கறிக்காக விட்டு வைப்பர். அதுவும் இக்கிருமிக்கு இருப்பிடமாகையால் அப்போகத்தில் பிடுங்கிவிடுக. கத்தரியை விடமுடியாதவர்கள் சுண்டங்கத்தரி அடிக்கட்டையில் ஒட்டிய நாற்றை நடலாம். சுண்டங்கத்தரி இந்நோயைப் பெரிதும் தாங்கும்.

உருளைக்கிழங்கு விதையில் தனிக்கவனம் வேண்டும். குளிரான இடத்தில் விளைந்த கிழங்கு நோயைக் காட்டாமலே கிருமியைச் சுமந்து வரக்கூடும். நமது வெப்பத்தில் அது விழித்தெழும். சான்று பெற்ற விதையையே வாங்குக. இயன்றவரை முழுக்கிழங்காக நடுக. வெட்டவேண்டுமாயின், வெட்டிய கிழங்கில் பழுப்பு வளையமோ கசிவோ தோன்றினால் அதனை ஒதுக்கி, கத்தியைக் கொதிநீரில் தோய்த்த பின்னரே அடுத்த கிழங்கைத் தொடுக. ஐயம் உண்டாயின் வாடிய செடியொன்றைப் பையிலிட்டுக் கட்டி, உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் அன்றே காட்டுக.