ஒரு குடம் தண்ணி எந்தச் செடிக்கு?

(அறிவியல் பக்கம்)



நமக்கு மேற்கே மலை இருக்கு, பிளவக்கல்லில் பெரியாறு, கோவிலாறு என்று இரண்டு அணைகளும் இருக்கு. அப்புறம் கான்சாபுரத்துக்காரங்களுக்கு எதுக்கு வறட்சிப் பாடம் என்று நீங்கள் கேட்கலாம். அணைத் தண்ணீர் வயலுக்குப் போகிறது. கொல்லையில் நிற்கும் கத்தரிச் செடிக்கு அம்மா இடுப்பில் சுமந்து வரும் குடத்துத் தண்ணிதான்.

2016-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழ்நாட்டில் சராசரியாக 440 மில்லிமீட்டர் மழை பெய்ய வேண்டும். அந்த வருடம் பெய்தது சுமார் 168 மட்டுமே. 2017 ஜனவரியில் அரசு வறட்சி என்று அறிவித்தது. அப்படி ஒரு வருஷம் மறுபடி வந்தால் எல்லாச் செடிக்கும் தண்ணி கிடைக்காது. எதைக் காப்பாற்றுவது என்று முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். என் கருத்து: கறிவேப்பிலை, முருங்கை, எலுமிச்சை, கொய்யாக் கன்றுகளுக்கு முதல் தண்ணி. இவை செத்தால் மறுபடி வளர வருஷக்கணக்காகும். அடுத்தது கத்தரி, வெண்டை. தக்காளியை விட்டுவிடலாம், மழை வந்ததும் நாலே மாதத்தில் புதுசாக வளர்த்துக்கொள்ளலாம். மனசு கேட்காதுதான், ஆனாலும் விட வேண்டும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 1 சதுர மீட்டர் இடத்தில் 1 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணி நின்றால் அது 1 லிட்டர். கோடையில் நம்ம பக்கம் திறந்து வைத்த தட்டிலிருந்து ஒரே நாளில் 5 மில்லிமீட்டருக்குக் குறையாமல் ஆவியாகும். 4 சதுர மீட்டர் என்றால் 20 லிட்டர், அதாவது ஒரு குடத்துக்கும் மேலே! நனைந்த வெறும் மண்ணும் முதல் நாளில் கிட்டத்தட்ட அந்தத் தட்டு மாதிரிதான். செடி குடிக்கும் முன்னாலேயே வெயில் குடித்துவிடுகிறது.

அதனால்தான் தினமும் ஒரு செம்பு தெளிப்பது வீண். மேல்மண் மட்டும் நனையும், வேரும் மேலேயே சுற்றும், ஒரு நாள் தண்ணி தவறினால் செடி தொங்கிவிடும். மூணு, நாலு நாளைக்கு ஒரு தடவை, வெயில் இறங்கிய பிறகு, தூரைச் சுற்றிப் பாத்தி கட்டி ஆழமாக ஊற்றுங்கள். மறுநாள் மேல்மண்ணைக் களைக்கொத்தியால் லேசாகக் கொத்திவிட வேண்டும். மண்ணுக்குள் தண்ணி மேலே ஏறி வரும் நுண்ணிய வழிகள் அதனால் அறுந்துபோகும். கரிசல் மண்ணில் வெடிப்பும் மூடிக்கொள்ளும். அதன்மேல் சருகு, வைக்கோல், கரும்புச் சோகை எது கிடைத்தாலும் நாலு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். இதுதான் மூடாக்கு. தண்டை ஒட்டிப் போடக் கூடாது, அழுகும். தென்னைக்குத் தேங்காய் மட்டையைக் குழிவான பக்கம் மேலே பார்க்கும்படி புதைப்பார்கள், பெய்கிற கொஞ்ச மழையையும் அது பிடித்து வைக்கும்.

இன்னொரு நல்ல வழி பானைப் பாசனம். சீனாவில் சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன் ஃபான் ஷெங்சி என்பவர் எழுதிய வேளாண் நூலிலேயே இது இருக்கிறது. சுட்ட மண்பானையைக் கழுத்து வரை புதைத்து, தண்ணி நிரப்பி மூடிவிட வேண்டும். சுற்றிலும் புடலை, பாகல் நட்டால் பானைச் சுவரில் கசிகிற ஈரத்தை வேர் தேடி வந்து குடிக்கும். மண் ஈரமாக இருந்தால் கசிவு குறையும், காய்ந்தால் கூடும். உப்பு படிந்து துளை அடைத்த பழைய பானை இதற்கு உதவாது.

அரிசி, காய் கழுவின தண்ணியைத் தாராளமாக ஊற்றலாம். உப்புப் போட்டு வேகவைத்த தண்ணி வேண்டாம். சோப்புத் தண்ணியைக் கீரைப் பக்கம் கொண்டு போகாதீர்கள்.

சித்திரை வெயிலுக்கு மட்டும் பயந்தால் போதாது. ஆனி, ஆடியில் மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் மழை கொட்டும், நமக்கு வருவது காத்துதான். அந்தக் காத்து இலையில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிவிடும். தோட்டத்துக்கு மேற்கே சோளத்தட்டையோ தென்னங்கீற்றோ வைத்து மறைப்புக் கட்டுங்கள். வேலியும் வேண்டும். மேய்ச்சல் காய்ந்தால் ஆடுகள் நேரே கொல்லைக்குத்தானே வரும்! திருவள்ளுவரும் உழவு அதிகாரத்தில் தண்ணீர் பாய்ச்சுவதைவிடக் காவலைத்தான் உயர்த்திச் சொல்கிறார்.

வறண்ட நாளில் வெண்டை, கத்தரி இலைக்கு அடியில் செம்பேன் பெருகும். இலை மேலே பொடிப் பொடியாக வெளுக்கும். கையால் இலையைத் திருப்பி அடிப்பக்கம் தண்ணி பீய்ச்சினாலே பெரும்பகுதி விழுந்துவிடும். பப்பாளியில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி அப்பினால் அது மாவுப்பூச்சி. 2008-இல் கோயம்புத்தூரில் முதலில் கண்டுபிடித்தார்கள். மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று பரவியது. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு சின்னக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள், அது மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு அதை அழித்தது. கண்டபடி மருந்து அடித்தால் நமக்கு உதவும் அந்தக் குளவியும் செத்துப்போகும்.

செய்து பாருங்கள்: ஒரே அளவுள்ள இரண்டு தேங்காய்ச் சிரட்டைகளில் ஒரே அளவு மண், ஒரே அளவு தண்ணி. ஒன்றை மட்டும் சருகால் மூடி, இரண்டையும் வெயிலில் வையுங்கள். மூன்றாம் நாள் சருகை எடுத்துவிட்டுத் தராசில் நிறுத்து, எடையை எழுதி இந்தத் தாளுக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.