பிடிவாரண்டு இருக்கிறதா?

செக் வழக்கில் இரண்டு வாய்தாவுக்குப் போகவில்லை. கும்மிடிப்பூண்டி கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை. என் பேரில் வாரண்டு இருக்கிறதா என்று எங்கே பார்ப்பது?
– ஒரு வாசகர், திருப்பாச்சூர்

வாரண்டுகளுக்கென்று தனிப் பொதுப் பட்டியல் நம் ஊரில் கிடையாது. ஆனால், உங்கள் வழக்கின் கதை முழுவதும் 'இ-கோர்ட்ஸ்' தளத்திலும் செயலியிலும் இருக்கும், கட்டணமில்லை. சம்மனில் உள்ள 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைப் போடுங்கள். எண் இல்லையென்றால் தமிழ்நாடு, திருவள்ளூர் மாவட்டம், நீதிமன்ற வளாகம் என வரிசையாகத் தேர்ந்து, பெயரையும் வழக்குப் பதிவான ஆண்டையும் கொடுங்கள். பெயரை ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதிப் பாருங்கள். ஒரே 'முருகேச'னுக்கு அங்கே பல எழுத்துக்கூட்டு உண்டு! திருவள்ளூர் வளாகத்தில் கிடைக்காவிட்டால் பொன்னேரியையும் பாருங்கள்.

வழக்கு வந்ததும், தவறவிட்ட வாய்தா தேதியைத் தொடுங்கள். 'என்.பி.டபிள்யூ.' என்றிருந்தால் அது போலீஸே ஜாமீனில் விட முடியாத பிடிவாரண்டு. காவல்துறைத் தளத்தில் எஃப்.ஐ.ஆர். தேட வேண்டாம், செக் வழக்கு நேரே நீதிமன்றத்தில் தாக்கலாவது.

வாரண்டு நாளாக ஆகத் தானாகக் காலாவதியாகாது. நிறைவேற்றப்படும்வரை, அல்லது பிறப்பித்த நீதிமன்றம் ரத்துசெய்யும்வரை உயிரோடு இருக்கும் (பி.என்.எஸ்.எஸ். எனும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 72-வது பிரிவு). எனவே, வக்கீலோடு நீங்களே நேரில் போய், வாரண்டைத் திரும்பப் பெறக் கோரும் 'ரீகால்' மனு போடுங்கள். வராததற்குக் காரணமாக ஷிப்ட் அட்டவணையையும் இணைக்கலாம். செக் வழக்கு ஜாமீனில் வரக்கூடிய குற்றம்தான். தானாக வந்து நிற்பவரை நீதிமன்றம் வேறு கண்ணோடு பார்க்கும். லீவு கேட்கத் தயங்காதீர்கள். போலீஸ் கம்பெனி வாசலுக்கு வந்தால், லீவு கேட்காமலே கிடைத்துவிடும்!