அகத்தியர்கூடம் ஏறியவர்கள்

நெய்யாறு நம் எல்லோருக்கும் தெரியும். அது நெய்யாற்றின்கரை வழியாக ஓடுகிறது. பூவாறில் கடலோடு சேருகிறது. அது எங்கே பிறக்கிறது? அகத்தியர்கூடம் மலையில் பிறக்கிறது.

அந்த மலை உதியன்குளங்கரைக்கு வடகிழக்கே உள்ளது. உயரம் 1,868 மீட்டர். அதாவது சுமார் 6,100 அடி. ஒரு பக்கம் கேரளம். மறு பக்கம் தமிழ்நாடு. தாமிரபரணியும் இந்த மலையில்தான் பிறக்கிறது. உச்சியில் அகத்திய முனிவரின் சிலை இருக்கிறது.

முன்பு யார் ஏறினார்கள்?

மலையடியில் காணி மக்கள் வாழ்கிறார்கள். காட்டுப் பாதை அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். பக்தர்களும் ஏறினார்கள்.

ஜான் ஆலன் பிரௌன் என்பவர் திருவனந்தபுரம் வான ஆய்வு நிலையத்தின் தலைவர். அவர் 1855-இல் இந்த மலைமேல் ஓர் ஆய்வு நிலையம் அமைத்தார். பூமியின் காந்த சக்தியை அங்கே அளந்தார்கள்.

1987-இல் சில அறிவியலாளர்கள் இந்தக் காட்டுக்கு வந்தார்கள். நடந்து நடந்து களைத்துப் போனார்கள். வழி காட்டிய காணிகள் களைக்கவில்லை. அவர்கள் ஒரு செடியின் பழத்தைத் தின்றுகொண்டே நடந்தார்கள். அந்தச் செடிதான் ஆரோக்கியப்பச்சை. பிறகு அதைக் கொண்டு ‘ஜீவனி’ என்ற மருந்து செய்தார்கள். மருந்தால் கிடைத்த பணத்தில் காணிகளுக்கும் பங்கு தரப்பட்டது. எழுத்து படிக்காதவரிடமும் அறிவு உண்டு அல்லவா?

பெண்கள் ஏறலாமா?

நெடுங்காலம் பெண்களுக்கு அனுமதி இல்லை. அகத்தியர் பிரம்மச்சாரி, பெண்கள் வரக் கூடாது என்பது காணி மக்களின் நம்பிக்கை. பெண்கள் அமைப்புகள் நீதிமன்றம் சென்றன. பெண் என்பதற்காகத் தடுக்கக் கூடாது என்று 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

2019 ஜனவரியில் தன்யா சனல் மலை ஏறினார். தீர்ப்புக்குப் பின் ஏறிய முதல் பெண் அவர். போணக்காட்டில் காணிப் பெண்களும் ஆண்களும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஆனால் யாரும் அவரைத் தடுக்கவில்லை.

நாமும் போகலாமா?

போகலாம். ஆண்டில் சில வாரங்கள் மட்டும் மலையேற்றம் நடக்கும். வனத்துறையிடம் முன்பே அனுமதி பெற வேண்டும். போணக்காட்டில் இருந்து நடக்க வேண்டும். இரவில் அதிருமலை முகாமில் தங்கலாம். பிளாஸ்டிக் பொருள்களைக் காட்டில் போடக் கூடாது. மலையில் போடும் குப்பை நம் ஆற்றுக்குத்தான் வரும்.

கலந்து பேசுவோம்

1. நெய்யாறு எங்கே பிறக்கிறது?
2. ஆரோக்கியப்பச்சையை அறிவியலாளர்கள் யாரிடம் கற்றார்கள்?
3. பெண்களின் உரிமை, காணி மக்களின் நம்பிக்கை இரண்டையும் எப்படி மதிப்பது? உங்கள் கருத்தை ஐந்து வரிகளில் எழுதுங்கள்.